மூன்றாவது நாற்காலி

அமெரிக்க மலையூரான டார்வில்லில் பள்ளியை நடத்தும் வாரியத்தை வெளியூர்க்காரர் யாரும் குறை சொல்லிவிட முடியாது. உள்ளூர்க்காரர் சொல்லலாம், தினமும் சொல்வார்கள். பள்ளிப் பேருந்து தாமதமாக வந்தால் வாரியத்தின் குற்றம், கொதிகலன் நின்றுபோய் வகுப்பறை குளிர்ந்தால் வாரியத்தின் குற்றம், மதியச் சாப்பாட்டில் உருளைக்கிழங்கு வேகாவிட்டாலும் வாரியத்தின் குற்றம். ஆனால் தலைநகரத்திலிருந்து ஒருவர் காரில் வந்து இறங்கி, "உங்களுக்கு எதற்கு இத்தனை சின்ன ஊரில் ஒரு வாரியம்?" என்று கேட்டுவிட்டால் போதும், அதே வாய்கள் எல்லாம் கட்சி மாறிவிடும்.

அந்த வருடம் அப்படித்தான் ஒருவர் வந்து இறங்கினார். மாநிலம் புதிதாகச் சட்டம் போட்டிருந்தது. மலையைச் சுற்றியுள்ள ஐந்து ஊர்ப் பள்ளிகளும் ஒரே மாவட்டமாக இணைய வேண்டும், ஐந்துக்கும் சேர்த்து ஒரே வாரியம், அது கூடுவது ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள பெரிய பள்ளியில். சேர விருப்பமில்லாத ஊருக்கு ஒரு சந்து விட்டிருந்தார்கள். மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் மக்கள் கூடி 'தனியாகவே இருக்கிறோம்' என்று வாக்களிக்க வேண்டும். அதோடு, கூட்டம் முடிவதற்குள் வாரியத்தின் மூன்று நாற்காலிகளிலும் ஆள் இருக்க வேண்டும். ஒரு நாற்காலி காலி என்றாலும் வாக்களித்தது செல்லாது.

டார்வில்லில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்திருந்த பெர்ல் அம்மையார் மூட்டுவலிக்கு வெயில்தான் மருந்து என்று இலையுதிர் காலத்தில் புளோரிடாவுக்குப் போனவர், அங்கிருந்து ஆரஞ்சு மரம் போட்ட அஞ்சலட்டையில் 'இனி வரமாட்டேன், எல்லோருக்கும் அன்பு' என்று எழுதி அனுப்பிவிட்டார். மீதி இரண்டில் ஒன்றில் வெண்டல் புரூயிட் உட்கார்ந்திருந்தார். வாரியக் கூட்டத்தில் அவர் தூங்காத நாளை யாரும் பார்த்ததில்லை. இன்னொன்றில் தலைவி கொரின் லபார்ஜ்.

கொரினுக்குத் தொழில் முடிதிருத்துவது. தபால் நிலையத்தை ஒட்டி, ஒற்றை நாற்காலி போட்ட கடை. ஊரில் பாதிப் பேர் தலை அவள் கையில்தான். கத்தரி பேசும் வேகத்துக்கு அவள் வாயும் பேசும். அவள் வாரியத்துக்கு வந்ததற்குக் காரணம் அவளுடைய மகன் தியோ. மூன்றாம் வகுப்பு வந்தும் அவனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரவில்லை. தலைநகரத்துக்கு எழுதிப் போட்டாள், 'பரிசீலிக்கிறோம்' என்று பதில் வந்தது, மறுபடி எழுதினாள், மறுபடி அதே பதில். கடைசியில் ஊர் வாரியத்தின் முன்னால் போய் நின்று அழுதாள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், மூன்று பேரும் அவளுக்குத் தெரிந்தவர்கள். ஒரே உட்காரலில் தீர்மானம் போட்டு, அடுத்த மாதமே தியோவுக்கென்று ஒரு ஆசிரியையைக் கொண்டுவந்து விட்டார்கள். இன்று தியோ மின்கம்பம் ஏறுகிற வேலையில் இருக்கிறான், வாசிக்கச் சொன்னால் செய்தித்தாளை முழுக்க வாசிப்பான். அந்த மேசையைப் போக விடுவதில்லை என்று கொரின் முடிவு கட்டியிருந்தாள்.

பிப்ரவரியில் மாநிலத்தின் சார்பில் வந்தவள் டெலியா ராங்கின். கெட்டவளாக இருந்திருந்தால் கொரினுக்கு வசதியாக இருந்திருக்கும். பாவம், நல்ல பெண். பனியில் கார் சறுக்கி, பள்ளத்தில் இறங்கி, ஒருவருடைய டிராக்டர் இழுத்துவிட்டு, ஊர்க்காரர்கள் கூடியிருந்த பள்ளி அறையில் முழங்கால்வரை சேறோடு வந்து நின்றுகொண்டு, யார்மேலும் எரிந்துவிழாமல் பேசினாள். ஏழாவது எட்டாவது பிள்ளைகளுக்கு டார்வில்லில் அறிவியல் ஆய்வுக்கூடம் இல்லை, பெரிய பள்ளியில் இருக்கிறது. இங்கே எல்லாப் பாடத்துக்கும் ஒரே ஆசிரியர், அங்கே பாடத்துக்கு ஒருவர். சொன்னதெல்லாம் உண்மை என்பதால் ஊர்க்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தார்கள்.

பின்வரிசையிலிருந்து ஒருவர் மட்டும் எழுந்தார். லயனல் ஸ்டால். கனெக்டிகட்டில் பள்ளி நிர்வாகியாக இருந்து ஓய்வுபெற்று, இங்கே ஒரு பழைய பண்ணை வீட்டை வாங்கிக் குடிவந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. மலைக்குக் கீழே எங்கே பிறந்தவராக இருந்தாலும் டார்வில்லில் அவருக்குப் பெயர் 'சமவெளிக்காரர்'. ஆறு வருடம் இருந்தாலும் சரி, அறுபது வருடம் இருந்தாலும் சரி, அந்தப் பட்டம் போகாது. கல்லறைக் கல்லில்தான் எழுதமாட்டார்கள், மற்றபடி எல்லா இடத்திலும் சொல்வார்கள்.

"இந்தப் பொண்ணு சொல்றதுல நியாயம் இருக்கு," என்றார் லயனல். "எட்டாவது படிக்கிற பசங்க இன்னும் ஒரு நுண்ணோக்கியைக் கண்ணால பாக்கல. நம்ம பெருமைக்காகப் புள்ளைங்க ஏன் பின்தங்கணும்? சேந்துட்டா என்ன கெட்டுப்போச்சு?"

கொரினுக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. "லயனல், அது என்ன 'நம்ம' பெருமை? இது எங்க பள்ளிக்கூடம். நேத்து சமவெளியிலேருந்து ஏறி வந்தவங்களுக்கு அது புரியாது."

கூட்டம் சிரித்தது. வெண்டல்கூட விழித்துக்கொண்டு, எதற்கென்று தெரியாமல் சிரித்தார். லயனல் காதுமடல் இரண்டும் சிவக்க, மெதுவாக உட்கார்ந்தார். கொரினும் சிரித்தாள்தான். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தச் சிவந்த காதுகள் கண்ணிலேயே நின்றன. அதற்காக அவள் லயனல்மேல் இன்னும் கொஞ்சம் கோபப்பட்டாள்.

சரி, ஆள் பிடிக்க வேண்டுமே. கொரின் தன் கடையிலேயே வலையை விரித்தாள். தலையில் பாதி வெட்டியும் பாதி வெட்டாமலும் இருக்கும் மனிதன் எழுந்து ஓடமுடியாது என்பது அவள் கணக்கு. முதலில் மாட்டியவன் ஓரின். பால்பண்ணைக்காரன், உரக்கப் பேசுகிறவன், மாநிலம் என்ற சொல்லைக் கேட்டாலே மேசையைக் குத்துகிறவன்.

"ஓரின், நீ நின்னா ஊரே கை தூக்கும்," என்று ஆரம்பித்தாள்.

"நானா? எனக்கு மாடு இருக்கும்மா."

"ஊர்ல பாதிப் பேருக்கு மாடு இருக்கு. நமக்கு வாரியம் வேணுமா, வேணாமா? அதைச் சொல்லு."

"என்ன கேள்வி இது? உயிரைக் குடுத்தாவது காப்பாத்தணும்!"

"உன் உயிரை வெச்சுக்கிட்டு நான் என்ன செய்றது? மாசத்துல ஒரு செவ்வாக்கிழமை சாயந்திரம் குடு, போதும்."

ஓரின் கண்ணாடியில் தன் பாதித் தலையைப் பார்த்தபடி நிஜமாகவே யோசித்தான். "உயிருன்னா தரேன் கொரின். செவ்வாக்கிழமைதான் முடியாது."

அடுத்து, மளிகைக்கடை மார்சி. சாயம் பூசி, தலை முழுக்கத் தாள் சுற்றி உட்கார்ந்திருந்தவளிடம் கொரின் விஷயத்தை எடுத்தாள்.

"ஐயோ, என்னை விட்ரு," என்றாள் மார்சி. "இப்பவே பால் வாங்க வர்றவங்க பாதி நேரம் நின்னு கதை பேசறாங்க. நான் வாரியத்துல இருந்தேன்னு வை, பஸ்ஸு, கொதிகலன், உருளைக்கிழங்குன்னு பிடிச்சுக்குவாங்க. அப்புறம் நான் எப்ப பால் விக்கறது?"

"அப்ப மாநிலமே எடுத்துக்கட்டும்னு விட்டுடலாமா?"

"அதெப்படி விடறது? நம்ம பள்ளிக்கூடம்டி அது!" என்று மார்சி தாள்கள் சலசலக்கத் தலையை ஆட்டினாள். "நீ யாரையாவது நல்ல ஆளாப் பாத்துப் போடு. நான் ரெண்டு கையையும் தூக்கறேன்."

மூன்று வாரமும் இதே கதைதான். வாரியத்துக்காக அழத் தயாராக இருந்தார்கள், சண்டை போடத் தயாராக இருந்தார்கள், மேப்பிள் மரத்துப் பாகு விற்று வழக்கு நடத்தக்கூடத் தயாராக இருந்தார்கள். உட்காரத்தான் ஆள் இல்லை. கடைசிக் கிராக்கியை அனுப்பிவிட்டு, கொரின் தன் கடை நாற்காலியிலேயே விழுந்து, "இந்த ஊரை அடிச்சுப் போட்டாத்தான் என்ன?" என்று துடைப்பத்திடம் கேட்டாள்.

மார்ச் முதல் செவ்வாய் வந்தது. ஊர்க்கூட்டம் எப்போதும் பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில்தான் நடக்கும். பிள்ளைகளின் பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்கால் காதைத் தொட உட்கார்ந்திருந்தார்கள். வெளியே பனி உருகி ஊரே சேறாக, வாசலில் பூட்ஸ்கள் மலையாகக் கிடந்தன. பெண்கள் பாதிப் பேர் கம்பளி பின்னிக்கொண்டிருந்தார்கள், ஆண்களில் ஒருவரும் பின்னினார். சமையலறையிலிருந்து பீன்ஸ் வேகும் மணமும், ஆப்பிள் பை பலகாரம் சூடாகும் மணமும் வந்துகொண்டே இருந்தன. மேடையில் கூட்டத்தை நடத்துகிற லைமன் ஸ்ட்ரௌட், கையில் மரச் சுத்தியலோடு நின்றார். டெலியா பக்கச் சுவரோரமாக ஒரு மடக்கு நாற்காலியில். யாரோ அவளுக்கும் காப்பி கொடுத்திருந்தார்கள். எதிரியே ஆனாலும் காப்பி கொடுக்காமல் விடுவது டார்வில்லில் வழக்கமில்லை.

பனி தள்ளும் வண்டிக்குப் புதுச் சக்கரம் வாங்குவதா என்று ஒன்றரை மணி நேரம் விவாதித்தார்கள். நாய் உரிமம், கல்லறை வேலி, நூலகக் கூரை எல்லாம் ஆயிற்று. அப்புறம் லைமன் சட்டத்தின் வாசகத்தைப் படித்து, தனியாக இருக்க ஆதரவு யார் என்று கேட்டதும், கூடத்தின் கூரை பறந்துவிடும் போல ஒரு சத்தம் எழுந்தது. எதிர்ப்பவர் யார் என்றபோது பின்வரிசையில் ஒரே ஒரு கை. லயனல். அந்தக் கை அவசரப்படவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை. லைமன் கணக்குச் சொல்லிச் சுத்தியலைத் தட்டினார். ஓரின் எழுந்து நின்று கைதட்டினான். மார்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அடுத்தது," என்றார் லைமன், "வாரியத்தின் மூன்றாவது இடம்."

டெலியா வியப்போடு சுற்றிலும் பார்த்தாள். மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது, காலையிலிருந்து எல்லாரும் குடம் குடமாகக் காப்பி குடித்திருந்தார்கள். இருந்தும் ஒரு ஆள் கழிப்பறைக்கு எழவில்லை, சமையலறைப் பக்கம் தலைகூடத் திருப்பவில்லை. இடத்தைவிட்டு எழுந்தவன் கெட்டான் என்பது அவளுக்குத் தெரியாது.

டார்வில்லில் யாரும் தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்ள மாட்டார்கள், அது மானக்கேடு. வேறொருவர் எழுந்து முன்மொழிய வேண்டும். பெயர் சொல்லப்பட்டவர் உடனே ஒப்புக்கொண்டாலும் மானக்கேடுதான், இவ்வளவு ஆசையா என்பார்கள். அதனால் முதல் தடவை 'முடியாது' என்று சொல்ல வேண்டும். லைமன் இரண்டாவது தடவை கேட்பார். அப்போதும் 'முடியாது' என்றால்தான் அது உண்மையான முடியாது. வாயைத் திறக்காமல் இருந்தால் சம்மதம். இதில் ஒரு சிக்கல், மறுக்கிறவர் கூடத்தில் இருக்க வேண்டும். ஒரு வருடம் ஒருவர் ஆப்பிள் பை சாப்பிடப் போன நேரத்தில் மூன்று வருடத்துக்கு நாய் பிடிக்கும் அதிகாரியாகிவிட்டார்.

யாரோ ஓரின் பெயரைச் சொன்னார்கள். ஓரின், "முடியாது," என்றான். லைமன் இரண்டாவது தடவை கேட்டார். "முடியாதுங்கறேன்ல!" மார்சியின் பெயர் வந்தது. இரண்டு முடியாது. கம்பளி பின்னிய ஆண் பெயர் வந்தது. அவர் ஊசியை உயர்த்தி ஒரு தடவையிலேயே இரண்டு தடவைக்கும் சேர்த்து மறுத்தார். இன்னும் நான்கு பெயர்கள். எல்லாம் முடியாது, முடியாது, முடியாது. பிறகு பெயர்களும் நின்றுபோயின. அவரவர் தங்கள் காலுறையில் இருக்கும் ஓட்டையை ஆராய்ந்தார்கள்.

"வேற பேரு உண்டா?" என்றார் லைமன். "ரெண்டாவது தடவை கேக்கறேன்." அவர் குரலே இறங்கியிருந்தது. மூன்றாவது தடவை கேட்டுவிட்டால் இந்தப் பொருளைத் தாண்டிப் போயாக வேண்டும். தாண்டிவிட்டால் சற்று முன்னால் கூரை அதிர வாக்களித்ததெல்லாம் வெறும் சத்தம். சுவரோரம் டெலியா தன் பேனாவை மூடி, தலையைக் குனிந்துகொண்டாள். ஜெயித்த முகம் இல்லை அது. அவளுக்கே சங்கடமாக இருந்தது.

கொரின் ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்தாள். இத்தனை தலைகள், எல்லாம் அவள் வெட்டிய தலைகள். இதில் யார்? மாதம்தோறும் வாரியக் கூட்டம் நடக்கிறதே, யார் வந்திருக்கிறார்கள்? ஓரினா? வந்ததே இல்லை. மார்சி? ஒரு தடவை, உருளைக்கிழங்குக்காக. அவளுக்கு அந்த வெறும் அறை ஞாபகம் வந்தது. வெண்டலின் குறட்டை, பெர்ல் அம்மையாரின் தும்மல், பார்வையாளர்களுக்கென்று போட்டிருக்கும் இருக்கைகளில் ஒரே ஒரு ஆள். பனிப்புயல் அடித்து ரோடு மூடிய நாளிலும் அந்த ஆள் பனிக்காலணி கட்டி நடந்தே வந்து, மீசையில் பனிக்கட்டி தொங்க, சட்டப் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆறு வருடமும். ஒவ்வொரு விஷயத்திலும் அவளுக்கு எதிராகத்தான் பேசியிருக்கிறார். ஆனால் ஒரு கூட்டத்துக்கும் வராமல் இருந்ததில்லை.

சே, என்று நினைத்தாள் கொரின். உலகத்தில் வேறு ஆளே இல்லையா? இல்லை என்பதுதான் உண்மை.

லைமன் சுத்தியலைத் தூக்கினார். "மூணாவது..."

"நிறுத்துங்க லைமன்!" என்று கொரின் எழுந்தாள். குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "நான் லயனல் ஸ்டாலை முன்மொழியறேன்."

கூடம் முழுக்க ஒரே நேரத்தில் பெஞ்சுகள் கிறீச்சிட்டன. "வழிமொழியறேன்!" என்று ஒரு குரல் வந்தது. வெண்டல்தான். சுத்தியல் சத்தம் என்று நினைத்து விழித்தவர், பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம், "யாரை?" என்று கேட்டார்.

"கொரின், உனக்குப் பைத்தியமா?" ஓரின் துள்ளி எழுந்தான். "இப்பத்தானே அந்த ஆளு எதிர்த்துக் கை தூக்கினாரு! அவரு சமவெளிக்காரரு!"

"ஆமா, சமவெளிக்காரருதான். ஆறு வருஷமாப் பனியில நடந்து வந்த சமவெளிக்காரரு. நீ மலையிலயே பொறந்து வளந்தவன், உனக்கு ஒரு செவ்வாக்கிழமை கிடைக்கல. உக்காரு."

ஓரின் உட்கார்ந்துவிட்டான். இரண்டு பேர் சிரித்தார்கள், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள், ஏனென்றால் அடுத்து அவள் தங்களைப் பார்ப்பாள் என்று பயம்.

பின்வரிசையில் லயனல் எழுந்திருந்தார். காது மறுபடி சிவந்திருந்தது. "கொரின், நான் மாநிலத்தோட பக்கம். இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும். வாரியத்துல என்னைப் போட்டா அங்க உக்காந்தும் இதைத்தான் பேசுவேன். என்னை ஏன்?"

"பேசுங்க. யாரு வேணாங்கறது?" கொரினுக்குக் கண் கலங்கியது. மறைக்க அவள் முயலவில்லை. "தலைநகரத்துல யாரோ உக்காந்து முடிவு பண்ணினா நான் யாருகிட்டப் போயி சண்டை போடறது? நீங்க பண்ணினா நாளைக்குத் தபாலாபீஸ் வாசல்ல மடக்கிப் பிடிச்சுக் கேப்பேன். அன்னைக்கு நான் உங்களைச் சொன்னது தப்பு. 'எங்க' பள்ளிக்கூடம்னு சொன்னேன். அதுல நீங்களும் உண்டு. இந்த ஊர்லயே அந்த ரூமுக்கு வர்ற ஒரே ஆளு நீங்கதான்."

கம்பளி ஊசிகள்கூட நின்றுவிட்டன. லைமன் தொண்டையைச் செருமினார். "லயனல் ஸ்டால், ஏத்துக்கறீங்களா?"

லயனல் லைமனைப் பார்த்தார், கொரினைப் பார்த்தார், பிறகு ஒழுங்காக நிமிர்ந்து நின்று சொன்னார்: "முடியாது."

ஊர் வழக்கம் தெரிந்து சொல்கிறாரா, நிஜமாகவே மறுக்கிறாரா என்று கொரினுக்குப் புரியவில்லை. டெலியாகூட ஐயோ என்பது போலக் கையை வாயில் வைத்தாள். ஊர்க்காரர்கள் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஆள் 'முடியாது' சொன்ன விதத்தில் ஏதோ இருந்தது. பட்டும் படாமலும், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்து, அவர்களுடைய அப்பாக்கள் சொன்ன மாதிரி.

"ரெண்டாவது தடவை கேக்கறேன்," என்றார் லைமன். அவர் உதட்டோரம் துடித்தது. "லயனல் ஸ்டால், ஏத்துக்கறீங்களா?"

லயனல் வாயைத் திறக்கவில்லை.

அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு, தொப்பியைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டு, சும்மா நின்றார். முதலில் மார்சிதான் புரிந்துகொண்டு கிளுக்கென்று சிரித்தாள். பிறகு ஒரு பெஞ்சு, அடுத்த பெஞ்சு என்று சிரிப்பு பரவி, ஆதரவு யார் என்று லைமன் கேட்டு முடிப்பதற்குள்ளேயே கூரை மறுபடி அதிர்ந்தது. எதிர்ப்பு யார் என்றபோது ஓரின் கையைப் பாதி தூக்கி, கொரினைப் பார்த்து, அந்தக் கையால் தலையைச் சொறிந்துகொண்டான். சுத்தியல் விழுந்த மறுநொடி நாற்பது பேர் கழிப்பறையை நோக்கி ஓடினார்கள்.

புது வாரியம் தேர்வான கையோடு ஒருமுறை கூடித் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதனால் மற்றவர்கள் பீன்ஸுக்கும் பன்றித் தொடைக் கறிக்கும் வரிசையில் நிற்க, மூன்று பேரும் மழலை வகுப்பறையில் போய்க் குட்டி நாற்காலிகளில் முட்டி மடக்கி உட்கார்ந்தார்கள். மாநிலத்துக்குத் தகவல் சொல்ல வேண்டியிருந்ததால் டெலியாவும் வந்து கதவோரம் நின்றாள். கொரினை மறுபடி தலைவியாக்கினார்கள். முன்மொழிந்தது லயனல். கொரின் முறைப்படி ஒரு தடவை மறுத்தாள்.

"அப்ப கூட்டத்தை முடிச்சுக்கலாமா?" என்றாள் சந்தோஷமாக. ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியிருந்தது. பசி கொன்றது.

"ஒரு தீர்மானம் இருக்கு," என்றார் லயனல்.

"இப்பவா?"

"இப்பத்தான். ஏழாவது எட்டாவது பசங்களை வாரத்துல ரெண்டு நாள் நம்ம பஸ்ஸுலயே பெரிய பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, ஆய்வுக்கூடத்துல அறிவியல் படிக்க வைக்கணும். மீதி நாள் இங்கயே."

கொரின் சிரிப்பு போயே போய்விட்டது. "வந்து உக்காந்து அஞ்சு நிமிஷம் ஆகல, ஆரம்பிச்சுட்டீங்களா? இன்னைக்கு ரெண்டு நாள்னு போவாங்க, நாளைக்கு அஞ்சு நாளும்பாங்க, அப்புறம் இங்க யாரு இருப்பா?"

"நாம அனுப்பினா நாம திருப்பிக் கூப்பிட்டுக்கலாம் கொரின். அவங்க கூட்டிட்டுப் போனாத்தான் முடியாது. நீங்க அங்க சொன்னதும் அதானே?"

தன் வாயில் வந்த வார்த்தையையே தனக்கு எதிராக எடுத்து வைக்கிறாரே! சரி, வழிமொழிய ஆளில்லாமல் தீர்மானம் தானாக விழும் என்று கொரின் வெண்டலைப் பார்த்தாள். வெண்டல் நன்றாக விழித்திருந்தார்.

"நான் வழிமொழியறேன்," என்றார் வெண்டல்.

"யோவ் வெண்டல்! என்னன்னு தெரிஞ்சுதான் சொல்றியா?"

"தெரியாம என்ன? எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணு எட்டாவது படிக்குது. தவளைக்குள்ள என்ன இருக்குன்னு எங்கிட்ட வந்து கேட்டுச்சு. நான் போயி குளத்துல ஒண்ணைப் பிடிச்சேன், அதுவும் ஓடிப்போச்சு. எத்தனை நாளைக்கு நான் தவளை பிடிக்கறது?" அவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டார். "இத்தனை வருஷம் மேசைக்கு இந்தப் பக்கம் உக்காந்து நீ சொல்றதுக்கு எதிரா யாரும் எதுவும் சொன்னதில்ல. அதான் தூங்கிட்டேன்."

தலைவி என்றால் வாக்கெடுப்பு நடத்தித்தான் ஆக வேண்டும். "ஆதரிக்கிறவங்க?" இரண்டு கைகள். "எதிர்க்கிறவங்க?" தன் கையைத் தானே தூக்கினாள். குட்டி நாற்காலியில் உட்கார்ந்து கையைத் தூக்கிக்கொண்டு, கழிப்பறைக்கு அனுமதி கேட்கும் பிள்ளை மாதிரி இருந்தது அவளுக்கு. கோபமாகத்தான் இருந்தது. நிஜமான கோபம். ஆனால் அந்தக் கோபத்துக்கு அடியில் என்னவோ இனிப்பாக ஊறிக்கொண்டிருந்தது. இந்த மேசை இன்னும் இருக்கிறது, இதில் மூன்று பேர் இருக்கிறார்கள், மூன்று பேரும் விழித்திருக்கிறார்கள்.

"தீர்மானம் நிறைவேறிச்சு," என்று அறிவித்தாள்.

கதவோரம் நின்ற டெலியாவுக்குத் தாங்கவில்லை. "மன்னிச்சுக்கோங்க. இதைத்தானே நாங்க பிப்ரவரியிலேருந்து சொல்லிட்டிருக்கோம்? அப்ப மாட்டேன்னீங்களே?"

"நீங்க சொன்னா மாட்டோம்," என்றாள் கொரின். "லயனல் சொன்னாரு."

டெலியா சிரித்துவிட்டாள். பேனாவைத் திறந்தாள். "அப்ப மேலிடத்துக்கு நான் என்னன்னு எழுதறது?"

"டார்வில்லுக்கு வாரியம் இருக்குன்னு எழுதுங்க," என்று கொரின் குட்டி நாற்காலியிலிருந்து தன்னைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தாள். "அதோட தலைவி முதல் நாளே தோத்துப்போனான்னும் எழுதுங்க."